நியான் போர்டு எரியவில்லையா? கண்ணாடியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

போன் வந்தால் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும். “அண்ணே, ட்யூப் போச்சு. புதுசு போட எவ்வளவு ஆகும்?” போய்ப் பார்த்தால் ட்யூப் கல்லு மாதிரி இருக்கும். பின்னால் ஒரு ஒயர் தகரத்தில் உரசி உருகியிருக்கும். இல்லையென்றால் ட்யூப் முனையை மூடும் கேப்புக்குள் கடற்காற்றின் உப்பு படிந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் கரன்டே வந்திருக்காது. பத்துக்கு ஏழெட்டு கேஸ் இப்படித்தான். ஆனால் நான் போவதற்குள் யாராவது ஒருவர் ஏணி போட்டு ஏறி, நல்ல ட்யூபைக் கழற்றுகிறேன் என்று முனையை முறித்து வைத்திருப்பார். அதற்குப் பிறகு அது உண்மையிலேயே ட்யூப் போன கேஸ்.

நியான் ட்யூபில் இழை கிடையாது. குண்டு பல்பு போல அறுந்துபோக உள்ளே எதுவும் இல்லை. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு எலக்ட்ரோடு (கரன்டை வாயுவுக்குள் விடும் உலோக முனை), நடுவே காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அளவுக்கு வாயு, அவ்வளவுதான். ஒழுங்காகப் பம்ப் பண்ணி (காற்றை உறிஞ்சி வாயுவை அடைத்து) சீல் வைத்த ட்யூப் இருபது, முப்பது வருஷம் அலுங்காமல் எரியும். அதைச் சுற்றியிருக்கும் ஒயர், கேப், டிரான்ஸ்ஃபார்மர், பெயின்ட் எல்லாம் அத்தனை வருஷம் தாங்காது. அதனால் கீழே சொல்வதெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். இன்று கடையில் ‘நியான்’ என்று விற்பதில் பெரும்பகுதி சிலிக்கான் பட்டைக்குள் எல்.இ.டி. வைத்த ஃப்ளெக்ஸ்தான். விரலால் அழுத்தினால் அமுங்கும், 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் இருண்டிருந்தால் அந்தத் துண்டின் எல்.இ.டி. போய்விட்டது, வெட்டி ஒட்ட வேண்டும். தூரத்து முனை மங்கலாக இருந்தால் ஒயர் மெல்லியது. மறுமுனையிலும் சப்ளை கொடுங்கள். மொத்தமும் துடித்தால் அடாப்டரை மாற்றுங்கள். அதன் கதை இத்தோடு முடிந்தது. இனி பேசுவதெல்லாம் கண்ணாடி.

கை வைப்பதற்கு முன்

கண்ணாடி நியானுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை வாங்கிப் பல ஆயிரம் வோல்ட்டாகக் கொடுக்கிறது. பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மரில் 15,000 வோல்ட் வரை உண்டு. ஓட்டம் 30 மில்லி ஆம்பியர்தான், சில பெரியவற்றில் 60. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். கீழே இருக்கும் பையன் “எரியுதா பாக்கிறேண்ணே” என்று சுவிட்சைப் போடுவது இந்தத் தொழிலில் நடக்காத ஒன்றல்ல.

மல்டிமீட்டரை எரிகிற ட்யூபின் முனையில் வைக்கவே கூடாது. சாதாரண மீட்டர் 1,000 வோல்ட்டோடு சரி. ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரும் அப்படித்தான், 500 வோல்ட்டுக்கு மேல் அதற்கு வேலை இல்லை. அந்த டெஸ்டருக்குள் ஆரஞ்சாக மினுக்குகிறதே, அதுவும் நியான்தான். போர்டுக்குத் தம்பி என்பதால் போர்டைச் சோதிக்கும் தகுதி வந்துவிடாது.

அப்புறம், அணைந்திருக்கும்போதே ட்யூபை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, எரியும்போது ஆரஞ்சு கலந்த சிவப்பு வந்தால் உள்ளே இருப்பது நியான். தெளிவான கண்ணாடியில் நீலம் வந்தால் ஆர்கானும் ஒரு துளி பாதரசமும். கண்ணாடியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தால் அது பாஸ்பர் பூச்சு. பச்சை, வெள்ளை, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பூச்சும் பாதரசமும் சேர்ந்து தருவது. எந்த வாயு என்று தெரியாமல் நோயைப் படிக்க முடியாது. நியானுக்கு வரும் நோய் வேறு, பாதரசத்துக்கு வரும் நோய் வேறு.

எதுவுமே எரியவில்லை

முதலில் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். டைமர் நின்றுபோயிருக்கும், இருட்டினால் தானே சுவிட்ச் போடும் போட்டோ செல் கெட்டிருக்கும், பெயின்டர் ஒயரை வெட்டிவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார். இங்கே மீட்டர் வைக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், பகலில் 230 காட்டும் லைன் சில தெருக்களில் மாலையில் 180க்கு இறங்கிவிடும். அந்த வோல்டேஜில் நீளமான போர்டு பற்றாது.

சப்ளை சரியாக இருந்தால் அடுத்தது டிரான்ஸ்ஃபார்மரின் குணம். புதிய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் மின்கசிவுக் காப்பு உள்ளேயே இருக்கும். சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் கெட்டதன் அடையாளம் இல்லை. எங்கோ கசிவு இருக்கிறது, அது கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது. இதைப் புரியாமல் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் புதியதும் அதே ஒரு கணம்தான் எரியும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, மூன்றாவதற்கு முன் என்னைக் கூப்பிட்ட முதலாளிகள் இருக்கிறார்கள்.

பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மெயினை அணைத்துவிட்டு, எச்.டி. (ஹை டென்ஷன், அதாவது உயர் வோல்ட்) ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு எச்.டி. முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டாம் சுற்றின் (எச்.டி. பக்கத்துக் கம்பிச் சுருளின்) நடுப்புள்ளி பாடியோடு எர்த் ஆகியிருக்கும்; 15,000 வோல்ட் என்பது பக்கத்துக்கு 7,500. அதனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ரீடிங் வர வேண்டும், ஆயிரக்கணக்கான ஓம்களில். ஒரு பக்கம் பாதியாகவோ முழுக்க ஓப்பனாகவோ காட்டினால் அந்தச் சுற்று போய்விட்டது. தாரில் மூழ்கிய சுற்று அது. கழற்றி ரிப்பேர் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எந்நேரமும் என் பையில் ஒரு அடி நீளச் சிவப்பு ட்யூப் ஒன்று துணியில் சுற்றி இருக்கும். சந்தேகம் வந்தால் போர்டை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் அதை மட்டும் மாட்டுவேன். எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கு உயிர் இருக்கிறது. இந்த வகை டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆனால்கூட ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்படி செய்தது, அதனால் சின்ன ட்யூபால் அதற்கு ஆபத்து இல்லை. அளவுக்கு மீறிய நீளம் மாட்டுவதுதான் அதைக் கொல்லும்.

டிரான்ஸ்ஃபார்மரும் சரி என்றால் ட்யூப் வரிசைக்கு வாருங்கள். நியான் எழுத்துகள் கோயில் திருவிழா சீரியல் செட் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தவை. ஒன்று போனால் எல்லாம் போகும். சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய எழுத்து மட்டும் செத்த வெளிச்சத்தில் மினுமினுக்கும். மெயினை அணைத்துவிட்டு ஒரு ட்யூபைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் எச்.டி. ஒயர் துண்டால் நேரடியாக இணைத்து, எல்லாரும் தள்ளி நின்று சுவிட்ச் போடுங்கள். மற்றவை எரிந்தால் குற்றவாளி கழற்றிய ட்யூப்தான். எரியாவிட்டால் அதை மாட்டிவிட்டு அடுத்தது. சலிப்பான வேலை, ஆனால் ஊகத்தைவிட வேகம்.

பாதி எரிகிறது, பாதி இல்லை

இது எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் போர்டே பதிலைச் சொல்லிவிடும். பெரிய போர்டில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்து ஒன்று போயிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான், அதுவும் நடுப்புள்ளி எர்த் ஆன இரும்பு வகை என்றால், எரியும் எழுத்துக்கும் எரியாத எழுத்துக்கும் எல்லை எங்கே என்று கவனியுங்கள். கசிவு அந்த எல்லையில்தான்.

காரணம் எளிது. கோர்வையில் ஓரிடத்தில் கரன்ட் தகரத்துக்குத் தாவி எர்த்துக்குப் போனால், கோர்வை இரண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டையும் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதி மட்டும் தனியாக இழுக்கிறது. குறுகிய துண்டு சுகமாக எரியும். நீண்ட துண்டுக்குப் பாதி வோல்டேஜ் போதாது, படுத்துவிடும்.

ஒருமுறை ஒரு உணவக போர்டில் ஐந்து எழுத்தில் முதல் இரண்டு மட்டும் எரிந்தன. மூன்றாவதன் ஆரம்ப முனையில் கேப்பை உருவினேன். உள்ளே ஒரு பல்லி, அப்பளம் போலக் காய்ந்து, வாலை எலக்ட்ரோடு ஒயரிலும் தலையைத் தகரத்திலும் வைத்துக்கொண்டு கிடந்தது. பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது, எலக்ட்ரோடில் விழுந்தால் என்ன என்று மட்டும் போடவில்லை. பல்லியை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது கிடந்த தடத்தில் கேப்பின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அது கரி. கரி மின்சாரம் கடத்தும். துணியால் துடைத்தால் கோடு மங்கும், பாதை மறையாது. அடுத்த ஈரத்தில் அதே வழியில் தாவும். கேப்பை மாற்றி, தகரத்துக்கும் முனைக்கும் இருந்த இடைவெளியைக் கூட்டிய பிறகுதான் ஐந்தும் எரிந்தன.

மழை பெய்தால் மட்டும் கோளாறு

இங்கே ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மழையில் இ.எல்.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதென்றால் பெரும்பாலும் 230 வோல்ட் பக்கம் ஈரம் இறங்கியிருக்கிறது: ஜங்ஷன் பெட்டி, டேப் சுற்றிய ஜாயின்ட், கேபிள் நுழையும் ஓட்டை. இரும்பு டிரான்ஸ்ஃபார்மரின் எச்.டி. பக்கக் கசிவு அந்த இ.எல்.சி.பி.க்குத் தெரியாது. இரண்டு சுற்றும் தனித்தனி, எச்.டி.யில் கசிந்தது எர்த் வழியாக நடுப்புள்ளிக்கே திரும்பிவிடும், வீட்டு லைனில் கூடுதல் குறைவு எதுவும் தென்படாது.

அதனால்தான் “இ.எல்.சி.பி. போட்டிருக்கேனே, பயமில்லை” என்று சொல்லும் முதலாளியிடம் எனக்குப் பயம். எச்.டி. பொறி மரச்சட்டத்தையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ மணிக்கணக்கில் கருக்கிக்கொண்டிருக்கும், ஒரு சுவிட்சும் விழாது. எச்.டி. பக்கத்துக்கென்றே கசிவுக் காப்பு உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மழைகூட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துப் போர்டுகளில் ஆறு மாதத்தில் கண்ணாடித் தாங்கிகளின் மேல் உப்புப் படலம் ஏறிவிடும். பகலில் காய்ந்து கிடக்கும், ராத்திரிப் பனியில் ஈரமாகிக் கடத்தத் தொடங்கும். கரன்டை அணைத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் துடைத்தால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை வைத்ததாகும்.

உஸ்ஸென்று சத்தம், மூக்கில் ஒரு வாடை

ஹம்மென்ற தடித்த முனகல் என்றால் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள், அல்லது அது உட்கார்ந்திருக்கும் பெட்டி. போல்ட்டை இறுக்குங்கள், அடியில் ரப்பர் வையுங்கள், சத்தம் அடங்கும். அது தொந்தரவுதான், ஆபத்து இல்லை.

எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கறிவேப்பிலை போட்டது போல மெல்லிய பொரிச்சத்தம், கூடவே ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடை: இது வேறு. காற்றில் ஓசோன் உண்டாகிறது, எங்கோ எச்.டி. கசிகிறது. போர்டை எரியவிட்டு, சுற்றியிருக்கும் விளக்கையெல்லாம் அணைத்து, இரண்டு நிமிஷம் கண்ணைப் பழக்கிக்கொண்டு தூரத்தில் நின்றே பாருங்கள். கசியும் இடத்தில் ஊதா நிறத்தில் பூச்சி மாதிரி ஒரு ஒளி ஆடும். எச்.டி. ஒயர் தகர விளிம்பில் உரசும் இடம், இரண்டு எச்.டி. ஒயர் ஒன்றையொன்று தொட்டுப் படுத்திருக்கும் இடம், கேப்பின் வாய், இந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்பேன். கண்டுபிடித்த பிறகு டேப் சுற்றாதீர்கள். சாதாரண பி.வி.சி. டேப் இந்த வோல்டேஜுக்குப் பூணூல் மாதிரி, போட்டிருக்கிறது என்று பேர். ஒயரை மாற்றுங்கள், தகரத்தை விட்டு விலக்கிக் கண்ணாடிக் குழலுக்குள் செலுத்துங்கள்.

நடுங்குகிறது, துடிக்கிறது

சப்ளை வோல்டேஜ், லூஸ் கனெக்‌ஷன் இரண்டையும் பார்த்தாகிவிட்டதென்றால் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இத்தனை அடி இழுக்கும் என்பது ட்யூபின் பருமனையும் வாயுவையும் பொறுத்தது. ஒல்லி ட்யூபுக்கு அடிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஒரே பருமனில் சிவப்பு நியான், பாதரச நீலத்தைவிட அதிகம் கேட்கும். எலக்ட்ரோடு ஜோடி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அடி ட்யூப் அளவுக்குத் தின்னும். ஆகவே ஒரே நீளத்தைப் பத்து எழுத்தாக வெட்டிக் கோர்த்தால் சுமை கூடும். இதை மறந்துவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த நீல ஓரக்கோட்டை எடுத்துவிட்டு அதே நீளத்துக்குச் சிவப்புப் போட்டால் துடிக்கத்தான் செய்யும்.

மணி மணியாக ஓடினால் அது வேறு. எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் ஓட்டம் திசை மாறும்; அந்த வேகத்தில் நியான் வாயுவுக்குள் ஒளி சில சமயம் ஜவ்வரிசி கோர்த்தது போல உருண்டை உருண்டையாகப் பிரிந்து நிற்கும், நகரவும் செய்யும். ட்யூபில் குறை இல்லை. இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறினால் போய்விடும். சில எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் இதைத் தடுக்கவே ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டத்தை ஒரு திசைக்குக் கொஞ்சம் சாய்த்து மணிகளைக் கலைத்துவிடும். பாதரச ட்யூபில் அந்த சுவிட்சைப் போடாதீர்கள். சாய்ந்த ஓட்டம் பாதரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே முனைக்குத் தள்ளிவிடும்.

ஒளி பாம்பு போல நெளிந்தால், ட்யூப் புதிதா என்று கேளுங்கள். புதிதாகப் பம்ப் பண்ணியது ஒருநாள் எரிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வாரத்துக்குப் பிறகும் நெளிந்தால் உள்ளே அழுக்கு வாயு இருக்கிறது. பம்ப் பண்ணியவரிடமே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீலத்திலும் வெள்ளையிலும் ஒரு பகுதி மட்டும் வெளிறிக் கிடக்கிறது

பாதரச ட்யூபில் ஒளியைத் தருவது பாதரச ஆவிதான்; ஆர்கான் தொடங்கிவைக்கும் ஆள். பாதரசம் எட்டாத இடத்தில் ஆர்கானின் சொந்த நிறமான நோஞ்சான் ஊதா மட்டும் தெரியும். புதிதாக மாட்டிய போர்டு என்றால் ஏற்றும்போது ஆட்டியதில் துளி ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு ராத்திரி எரியவிடுங்கள். சரியாகாவிட்டால் கழற்றி, ட்யூபை மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் துளியை முழு நீளத்துக்கும் உருட்டி மாட்டுங்கள்.

குளிரும் ஒரு காரணம். சிவப்பு நியானுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. பாதரசமோ குளிரில் ஆவியாகாமல் சுருண்டுகொள்ளும். ஊட்டியில் டிசம்பர் ராத்திரியில் நீலப் போர்டு மங்கினால் அது நோய் இல்லை, பருவம். சென்னையில் எங்கிருந்து குளிர் வரும் என்று நானும் நினைத்திருந்தேன், ஒரு காபி கடையின் உட்சுவரில் எழுத்தின் வலது பாதி மட்டும் தினமும் மதியத்துக்கு மேல் வெளிறுவதைப் பார்க்கும் வரை. நேர் எதிரே ஏ.சி. வாய். இறகைத் திருப்பி வைத்துவிட்டுக் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தேன், கூலி வாங்க மனசு வரவில்லை.

பாதரச ட்யூப் உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து ஆளை வெளியேற்றி, கையுறை போட்டு, துண்டுகளையும் துளிகளையும் ஈரத்தாளில் சேர்த்து மூடிய டப்பாவில் அடையுங்கள்.

எழுத்துக்கு நடுவே வேண்டாத கோடு எரிகிறது

தமிழ் போர்டுக்கு இது தனித் தலைவலி. நியான் எழுத்து ஒரே தொடர்க் குழாய், பேனாவை எடுக்காமல் எழுதுவது போல. ‘க்’கின் புள்ளியைத் தனியாக வைக்க வழி இல்லை. குழாய் மேலே போய் ஒரு சின்ன வளையம் போட்டு அதே வழியில் இறங்க வேண்டும். ஏறி இறங்கும் அந்தப் பகுதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைப்பார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே போகும் குழாயும் அப்படித்தான். வளைப்பவர் வேலை செய்வதோ கண்ணாடிப் பிம்பத்தில்: எழுத்தின் முகம் மேசையில் படிய வேண்டும் என்பதால் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அதன்மேல் சூட்டுக் குழாயைப் படியவைப்பார். ‘ழ’வை இடம் வலமாக மாற்றி நினைத்துக்கொண்டு, வாயில் ரப்பர் குழாயால் ஊதிக்கொண்டு, கண்ணாடி இறுகுவதற்குள் சில விநாடியில் முடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வளைத்ததை வெயில் இரண்டு கோடையில் பெயின்டை உரித்துக் கெடுத்துவிடும். ‘மெஸ்’ என்ற பலகையில் புள்ளிக்குக் காம்பு முளைத்துவிடும்.

மறுபடி பெயின்ட் அடித்தால் தீர்ந்தது. ஆனால் கையில் கிடைத்த கறுப்பை அடிக்காதீர்கள். கரித்தூளோ உலோகத்தூளோ கலந்த பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தும், எலக்ட்ரோடு பக்கம் வந்தால் கசிவுக்கு நீங்களே பாலம் கட்டியதாகும். நியானுக்கென்று கிடைக்கும் கடத்தாத பெயின்டைக் கேட்டு வாங்குங்கள். பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டு அடியுங்கள், முனைகளை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

சிவப்பு, ரோஸ் ஆகிவிட்டது

இப்போதுதான் கண்ணாடிக்கு வருகிறோம். தெளிவான சிவப்பு ஊதா கலந்த ரோஸாக மாறி, மங்கி, துடித்து, சில நாளில் நின்றுபோனால் உள்ளே காற்று போகிறது. அந்த ரோஸ் நைட்ரஜனின் நிறம். கைக்கடக்கமான டெஸ்லா சுருள் டெஸ்டரை (உயர் வோல்ட் பொறி விடும் கருவி) ட்யூபின் மேல் ஓட்டினால் நல்ல ட்யூப் ஒயரே இல்லாமல் சிவப்பாக ஒளிரும், காற்று நிறைந்தது அசையாது. விரிசல் இருந்தால் பொறி அங்குமிங்கும் அலையாமல் ஒரே புள்ளியில் வெள்ளையாகக் குத்தி நிற்கும். ஒரே இடத்தில் அதிக நேரம் பிடிக்காதீர்கள், டெஸ்டரே ஓட்டை போட்டுவிடும்.

பெரும்பாலான விரிசல் எலக்ட்ரோடின் ஒயர் கண்ணாடிக்குள் நுழையும் சீலில்தான் இருக்கும். ஒயரை இடுக்கியால் முறுக்கிக் கனெக்‌ஷன் கொடுத்தவர் கையில் பாதிப் பழி. மீதிப் பழி கண்ணாடி இனம் மாறி ஒட்டியவருக்கு: இனம் மாறிய கண்ணாடிகள் சூட்டில் வேறு வேறு அளவு விரியும். ஒட்டும்போது ஒட்டும், ஆறியபின் என்றைக்காவது ஒருநாள் விட்டுவிடும். கோர்வையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நெருங்கி வரும் இடத்தையும் பாருங்கள். வோல்டேஜ் வித்தியாசம் அங்கேதான் அதிகம், ஊசிமுனை ஓட்டை அங்கேதான் விழும்.

முனை கறுத்துவிட்டது

பழைய பாதரச ட்யூபில் எலக்ட்ரோடைச் சுற்றி இலேசான நிழல் இருந்தால் விட்டுவிடலாம். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு விரல் நீளத்துக்கு ஏறி, அந்த இடம் கொதித்தால் எலக்ட்ரோடின் உலோகம் சிதறிச் சுவரில் படிகிறது என்று அர்த்தம். படியும் உலோகம் வாயுவையும் சேர்த்துப் புதைத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் குறையும், குறையக் குறையச் சிதறல் கூடும்.

நியான் தொழிலே இந்த ஒரு கோளாறைத் தீர்த்ததால்தான் பிறந்தது. நியான் வாயுவை லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்ற வேதியியலாளர்கள் 1898லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். காற்றில் அது பத்து லட்சத்தில் 18 பங்குதான். காற்றைத் திரவமாக்கும் தொழில் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் க்ளோடுக்கு அது மிச்சச் சரக்காகக் குவிந்தது. அவர் 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் பெரிய நியான் குழாய்களை எரியவைத்துக் காட்டினார். அதை விளம்பரப் பலகையாக்கி வருஷக்கணக்கில் ஓடவைத்தது சிதறல் குறைந்த பெரிய எலக்ட்ரோடு. அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1915ல் வந்தது. இன்றும் 30 மில்லி ஆம்பியருக்கான சின்ன எலக்ட்ரோடை 60 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால் க்ளோடுக்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுவீர்கள்.

ட்யூப்தான் என்று உறுதியானால்

தூக்கி எறியாதீர்கள். உடையாத கண்ணாடியை மறுபடி பம்ப் பண்ணலாம். பழைய முனைகளை வெட்டிவிட்டு அதே இனக் கண்ணாடியில் புது எலக்ட்ரோடு ஒட்டி, பம்பில் கோர்த்துக் காற்றை உறிஞ்சுவார்கள். பிறகு பெரிய டிரான்ஸ்ஃபார்மரால் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் ஓட்டிச் சுடவைப்பார்கள். ட்யூபின் மேல் ஒரு காகிதத் துண்டைப் போட்டிருப்பார் பம்ப் மேஸ்திரி. அது பழுப்பேறிக் கருகத் தொடங்கினால் கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டி, சுவரில் ஒட்டிய ஈரமும் அழுக்கும் கிளம்பிவிட்டது. எலக்ட்ரோடு செக்கச்செவேலென்று ஆகும் வரை விட்டு, நிறுத்தி, மறுபடி உறிஞ்சி, ஆறிய பிறகே வாயு. இதில் அவசரப்பட்டு ஐந்து நிமிஷம் மிச்சம் பிடித்தவர்களின் ட்யூப்தான் ஆறு மாதத்தில் முனை கறுத்து என்னிடம் வருகிறது. பாதரசம் படிந்த பழைய ட்யூப் என்றால் அந்தக் கறை பட்ட பகுதியை வெட்டித் தள்ளாமல் சுடவைக்கக் கூடாது. ஆவி மேஸ்திரியின் மூச்சுக்கும் பம்புக்கும்தான் போகும்.

ஒரே ஒரு எழுத்தை மட்டும் புதிதாகப் பண்ணினால் அது மற்றதைவிடப் பளிச்சென்றுதான் இருக்கும், பூச்சு ட்யூபில் இன்னும் துருத்தும். பருமன், பூச்சின் பெயர், வெள்ளை என்றால் எந்த வெள்ளை, மூன்றையும் பழைய எழுத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டிச் சொல்லுங்கள். போனில் “வெள்ளைதான் அண்ணே” என்று சொன்னால் வேறொரு வெள்ளை வரும்.

மாட்டும்போது கேப், தாங்கி, எச்.டி. ஒயர் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழைய கேப்பைக் கழுவிப் போடும் சிக்கனம் வேண்டாம். ஒயர் எலக்ட்ரோடை இழுக்காமல் கொஞ்சம் தொங்கலாக இருக்கட்டும். ராத்திரி முழுக்க எரியவிட்டு, காலையில் மெயினை அணைத்ததும் ஒவ்வொரு கேப்பாகத் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிடச் சூடாக இருப்பது எது என்று டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் உள்மூடியில் தேதியோடு எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை ஏணியில் ஏறுபவர் அங்கிருந்தே தொடங்கலாம்.